ஊரடங்கு முடிந்தும் அப்பாவின் நடை திரும்பவில்லை: மும்பை முதியவர்களின் தளர்ச்சி குறித்து

மாதுங்கா_கிழக்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 79. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மாதுங்காவிலேயே எங்களுடன் இருக்கிறார். 2020 மார்ச்சுக்கு முன்பு அவருடைய பகற்பொழுது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியில்தான் கழிந்தது. விடிந்ததும் ஃபைவ் கார்டன்ஸில் நடை, திரும்பும் வழியில் கோயில், பிறகு மார்க்கெட்டில் வாழைப்பூவையும் சேனையையும் பேரம் பேசி வாங்குவது, மாலையில் மகேஷ்வரி உத்யானில் தன் வயதொத்தவர்களுடன் உட்கார்ந்து கிரிக்கெட், அரசியல், ஓய்வூதியம் என்று இருட்டும்வரை பேச்சு. அவ்வப்போது லோக்கல் ரயிலேறி முலுண்டில் இருக்கும் என் அத்தையையும் பார்த்து வருவார்.

பெருந்தொற்றுக் காலத்தில் அவருக்குக் கோவிட் வரவே இல்லை. தடுப்பூசியும் உரிய காலத்தில் போட்டுக்கொண்டார். ஆயினும் ஊரடங்குக்கு முன்பு இருந்த மனிதர் இன்று இல்லை. சோபாவிலிருந்து எழ இரண்டு கைகளையும் ஊன்ற வேண்டியிருக்கிறது. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதற்குள் சுவரைத் தொட்டுக்கொள்கிறார். கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் சரிகிறது. சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தாயிற்று, குறிப்பிடும்படி எதுவும் இல்லை. மருத்துவர் “வயதாகிவிட்டது, அவ்வளவுதான்” என்கிறார்.

என் கேள்வி இதுதான். இது உண்மையிலேயே வயதின் வேலையா, அல்லது வீட்டுக்குள் அடைந்திருந்த அந்தக் காலத்தின் வேலையா? இரண்டாவது என்றால், போனதில் எவ்வளவு திரும்பி வரும்? இதே நிலையில் பெற்றோரை வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் உதவியாக இருக்கும்.

சயான்_பிசியோ எழுதியது:

நான் இயன்முறை மருத்துவத்தில் பணிபுரிகிறேன். உங்கள் தந்தையைப் போன்றவர்களைக் கடந்த சில ஆண்டுகளில் நிறையவே பார்த்திருக்கிறேன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் விவரிப்பதை மூப்புத் தளர்ச்சி என்று சொல்லலாம். மருத்துவர்கள் ஃப்ரெயில்டி என்பார்கள். இது முதுமைக்கான மறுபெயர் அன்று. எண்பத்தைந்து வயதில் தளர்ச்சி இல்லாதவர்களும் இருக்கிறார்கள், அறுபத்தெட்டில் அதற்கு ஆட்பட்டவர்களும் இருக்கிறார்கள். உடல் ஒவ்வொரு அமைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்து வைத்திருக்கும் இருப்பு கரைந்துபோய், சாதாரணக் காய்ச்சலோ ஒரு வார வயிற்றுப்போக்கோ வந்தால்கூட ஆளைச் சாய்த்துவிடும் நிலை அது. அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரைடும் அவருடைய குழுவினரும் 2001-இல் வெளியிட்ட வரையறையில் ஐந்து அடையாளங்கள் உள்ளன: முயற்சி செய்யாமலே ஓராண்டில் ஏறத்தாழ நாலரைக் கிலோ அல்லது அதற்கு மேல் எடை குறைதல், எதைச் செய்தாலும் ஆயாசம், கைப்பிடி வலிமை குறைதல், நடை வேகம் குறைதல், உடலுழைப்பு குறைதல். மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் தளர்ச்சி; ஒன்றிரண்டு இருந்தால் தளர்ச்சிக்கு முந்தைய நிலை. இந்த முந்தைய நிலையிலிருந்து திரும்பி வருவது சாத்தியம் என்பது முக்கியமானது.

வயதா, ஊரடங்கா என்ற கேள்விக்கு: இளைஞர் ஒருவர் பத்து நாள் படுத்தால் எழுந்து பழையபடி ஆகிவிடுவார். முதியவர் ஆவதில்லை. சராசரியாக 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்து 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. ஊரடங்கு முழுப் படுக்கை இல்லைதான்; ஆனால் பத்து நாளில் முடிந்ததும் இல்லை.

மருத்துவரிடம் மறுபடி போகும் முன் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத, சுவரோடு சாய்த்து வைத்த நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆசிய நாடுகளுக்கென 2019-இல் வகுக்கப்பட்ட அளவின்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசைச் செயல்திறன் குறைவு. ஆறு மீட்டர் தூரத்தை அவருடைய இயல்பான வேகத்தில் நடக்கவைத்தும் பாருங்கள். நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே போனால் அதுவும் குறைவுதான். சிக்னலில் நடப்பவர்களுக்கான நேரத்தைப் பொதுவாக நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டால், கிங்ஸ் சர்க்கிளில் சாலையைக் கடக்க இப்படிப்பட்டவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது விளங்கும்.

செம்பூர்_ராமன் எழுதியது:

பிசியோ அவர்கள் எழுதியது அத்தனையும் ஏற்கத்தக்கதே. ஆனால் இந்த விவாதம் “வீட்டில் இருக்கச் சொன்னதே தவறு” என்ற திசையில் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 2020-இல் நமக்குத் தடுப்பூசி கிடையாது. கோவிட்டால் இறக்கும் அபாயம் வயதோடு செங்குத்தாக ஏறியது. அதிலும் தளர்ந்தவர்களுக்கே பெரிய அடி. பிரிட்டனிலும் இத்தாலியிலுமாக 11 மருத்துவமனைகளில் 1,564 நோயாளிகளைப் பின்தொடர்ந்த கோப் என்ற ஆய்வு 2020-இல் வெளிவந்தது. மரணத்தை முன்கூட்டிக் காட்டுவதில் வயதையும் உடனிருந்த நோய்களையும்விடத் தளர்ச்சியின் அளவே மேலானதாக இருந்தது என்றது அது. பிரிட்டனில் தீவிர சிகிச்சையில் யாரைச் சேர்ப்பது என்பதற்கான 2020 மார்ச் வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் தளர்ச்சியை ஒன்பது படிகள் கொண்ட அளவுகோலால் மதிப்பிடச் சொன்னார்கள். நினைத்தால் நெஞ்சு பதறுகிறது, ஆனாலும் அந்தக் காலம் அப்படி இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளியே போகாததால் தளர்ந்தார்கள் என்கிறோம். ஏற்கனவே உள்ளுக்குள் தளரத் தொடங்கியவர்கள்தாம் முதலில் வெளியே போவதை நிறுத்துகிறார்கள் என்றும் சொல்லலாம் அல்லவா? எங்கள் பெரியப்பா 2019-இலேயே “ரயிலில் கூட்டம்” என்று கச்சேரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். கூட்டம் எப்போதும் இருந்ததுதான். படி ஏற முடியவில்லை என்பதைச் சொல்ல அவருக்கு மனமில்லை. எது முன்னே, எது பின்னே என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஊரடங்கின் தலையில் கட்டிவிடுவது நியாயம் இல்லை.

சயான்_பிசியோ எழுதியது:

ராமன் ஐயாவின் இரண்டாவது கருத்து மிகச் சரியானது; தளர்ச்சியும் வெளியே போகாமையும் ஒன்றையொன்று கூட்டிவிடுகின்றன. இதைப் பிரித்துப் பார்க்கப் பெருந்தொற்றே ஒரு வாய்ப்பாக அமைந்தது என்பதுதான் விந்தை, ஏனென்றால் அப்போது தளர்ந்தவர், தளராதவர் என்ற வேறுபாடில்லாமல் எல்லாரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். ஜப்பானில் 1,600 முதியவர்களிடம் இணையவழி நடத்திய கணக்கெடுப்பில், வாரத்துக்கு 245 நிமிடமாக இருந்த உடலுழைப்பு நேரம் 2020 ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் 180 நிமிடமாகக் குறைந்தது. அதே குழுவினர் பிறகு தொடர்ந்து கேட்டபோது முதல் அலை தணிந்ததும் பலர் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தார்கள். திரும்பாமல் பின்தங்கியவர்கள் யார் என்றால், தனியாக வசித்து, வெளிவட்டாரத் தொடர்பும் குறைவாக வைத்திருந்தவர்கள். இணையத்தில் பதில் சொல்லத் தெரிந்த முதியவர்களிடம் மட்டும் எடுத்த கணக்கு இது என்பதால் உண்மை நிலை இதைவிட மோசமாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே வீட்டில் இருக்கச் சொன்னது தவறா என்று நான் கேட்கவில்லை. கதவு திறந்த பிறகு சிலர் வெளியே வந்தார்கள், சிலர் வரவில்லை. அந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்பதே என் கேள்வி.

டோம்பிவிலி_ஓய்வு எழுதியது:

பிசியோ அம்மாவின் கடைசி வரிக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்கு வயது 72, ரயில்வேயில் இருந்தவன். கதவு திறந்தது என்கிறீர்களே, அது ஒரே நாளில் திறக்கவில்லை. 2020 மே 30-இல் வந்த உள்துறை அமைச்சகத்தின் உத்தரவு 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அத்தியாவசியத் தேவைகளுக்கும் மருத்துவத்துக்கும் தவிர வீட்டிலேயே இருக்கும்படி அறிவுறுத்தத்தான் செய்தது. எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்காரர்கள் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். கீழே வளாகத்துக்குள் நடந்தால்கூட வாட்ச்மேன் வந்து “செக்ரட்டரி சாப் மேலே போகச் சொல்கிறார்” என்பார். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. கட்டடத்தின் வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சின் மேல் முள்கம்பியைச் சுற்றி வைத்தார்கள். கடைக்கும் ஆபீசுக்கும் போய்வந்த இளவட்டங்களை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

லோக்கல் ரயில் பொதுமக்களுக்கு 2021 பிப்ரவரி 1-இல் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் திறந்து, இரண்டாம் அலையில் ஏப்ரலில் மறுபடி மூடி, ஆகஸ்ட் 15 முதல் இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் திறந்தது. அதற்கும் ஒரு பாஸ், அதில் ஒரு கியூஆர் குறியீடு. பேரனைக் கூப்பிட்டு வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தொலைதூர ரயில்களில் 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதமும் கிடைத்துவந்த சலுகையை 2020 மார்ச் 20-இல் நிறுத்தினார்கள். தேவையற்ற பயணத்தைத் தடுக்க என்று சொன்னார்கள். பயணங்கள் வழமைக்குத் திரும்பிய பின்னும் அது திரும்பவில்லை. முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை கும்பகோணத்துக்குப் போய் அண்ணன் தம்பிகளைப் பார்த்துவந்தவர்கள் இப்போது கணக்குப் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் தாண்டி வெளியே வந்தால், வந்து சேர இடம் இருக்க வேண்டும். எங்கள் பெஞ்சு ஆட்களில் சிலர் இரண்டாம் அலையில் இறந்துபோய்விட்டார்கள். ஒருவரை மகன் புனேவுக்கு அழைத்துக்கொண்டு போனார், இன்னொருவர் மகளோடு பெங்களூருக்குப் போனார். நான் போய் யாருடன் பேசுவது? நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். நடப்பதற்காக மட்டும் நடந்த வழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. எங்கேயோ போவதற்காகத்தான் நடந்தேன்.

முலுண்ட்_வித்யா எழுதியது:

டோம்பிவிலி ஐயாவின் கடைசி வாக்கியத்தை என் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன், தலையை ஆட்டினார்.

பெண்கள் பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஊரடங்கு வந்ததும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை சொசைட்டி நிறுத்திவிட்டது. என் மாமியார், அப்போது 70 வயது, பாத்திரம், துணி, சமையல் என்று முன்பைவிட அதிகமாகவே உடம்பை வளைத்தார். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அவர்மீது அவ்வளவு வேலை விழுந்திருக்கவே கூடாது. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது கால்கள் மாமனாருக்குத்தான் போயிருந்தன, அவருக்கு அல்ல. மாமியாருக்குப் போனது வேறு. நவராத்திரி கொலுவுக்கு வீடு வீடாகப் போவது, வெள்ளிக்கிழமை லலிதா சகஸ்ரநாமக் குழு, திரும்பும் வழியில் நாலு பேரோடு காய் வாங்குவது என்று அவருக்கென்றே இருந்த ஒரு வட்டம் அப்படியே நின்றுபோனது. சில மாதங்களில் சகஸ்ரநாமம் ஜூமுக்கு மாறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னால் குரல் இடறும் என்பதால் ஒருவர் மட்டும் சொல்ல, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு வாயசைத்தார்கள். முகம் பார்த்த ஆறுதல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் முன்பு அதே குழுவுக்குப் போவதென்றால் புடவை மாற்றி, மூன்று மாடி இறங்கி, இரண்டு தெரு நடந்து, தரையில் உட்கார்ந்து எழுந்து, பிரசாதத்தை எடுத்துக் கொடுத்து, மறுபடி மூன்று மாடி ஏற வேண்டும். ஜூமில் அதெல்லாம் இல்லை, ஒரு மணி நேரம் நாற்காலிதான்.

தொலைபேசியிலும் வீடியோவிலும் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்று நாம் அப்போது நிம்மதி அடைந்ததில் இந்தக் கணக்கு விட்டுப்போனது என்று நினைக்கிறேன்.

தொண்ணூறு_அடி_சாலை எழுதியது:

நண்பர்கள் எல்லாரும் மாடி, சொசைட்டி, பூங்கா என்று எழுதுகிறீர்கள். தாராவியிலிருந்து ஒரு குறிப்பு.

எங்கள் சந்தில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதற்கு வீடு என்ற ஒன்று அந்த அளவில் கிடையாது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் என்றால் முதியவருக்குரிய இடம் வாசற்படிதான். 2020 ஏப்ரல் 1-இல் தாராவியில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்ட பிறகும் பொதுக் கழிப்பறைக்கு எல்லோரும் நடந்துதான் ஆக வேண்டும், தண்ணீருக்கும் அப்படியே. ஆகவே எங்கள் கிழவிகளுக்கு நடையும் நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. கட்டிலைத் தூக்கிச் சந்தில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டாரோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நின்றுபோனது பிழைப்பு. எங்கள் பக்கம் திருநெல்வேலிக்காரக் குடும்பங்கள் நிறைய இட்லித் தொழிலில் இருக்கின்றன. விடியற்காலை மாவை ஊற்றி இட்லி அவிப்பார்கள், பிள்ளைகள் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார்கள். என் பாட்டி 74 வயதிலும் சட்னிக்குத் தேங்காய் உடைத்துத் துருவிக்கொண்டிருந்தவர். விற்பனை நின்றதும் ஊருக்குப் போக முடிந்த பிள்ளைகள் போய்விட்டார்கள், பாட்டி இங்கேயே தங்கினார். மூன்று வேளை என்பது இரண்டு வேளை ஆனது. இலவசமாக வந்த அரிசியில் கஞ்சி. பருப்பு எப்போதாவது. அவருடைய உடம்பு இளைத்தது நடக்காததால் அல்ல, தின்னாததால். அதோடு, “நான் இனி எதற்கு” என்ற பேச்சும் அப்போதுதான் வந்தது. ஆகவே முதியவர்களின் வெளிவட்டாரம் என்று சொல்லும்போது பூங்காவையும் பஜனையையும் மட்டும் எண்ணாதீர்கள். சிலருக்கு அது வேலைதான். தொழில் மறுபடி தொடங்கியதும், முன்னளவு இல்லாவிட்டாலும், பாட்டி துருவுமணையை எடுத்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு சாப்பாடும் கூடியது.

மாதுங்கா_கிழக்கு எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. பிசியோ அம்மா சொன்னபடி அப்பாவை உட்கார்ந்து எழச் செய்தோம். 19 நொடிகள் ஆயின. நான்காவது முறை கையை ஊன்றப் பார்த்தார், நான் தடுத்தேன். ஆறு மீட்டருக்கு எட்டு நொடி. எடையைப் பழைய மருத்துவச் சீட்டோடு ஒப்பிட்டால், இறங்கியிருக்கிறதுதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் மெதுவாக.

உணவைப் பற்றித் தாராவி நண்பர் எழுதியதைப் படித்த பிறகு வீட்டில் யோசித்தோம். எங்களுக்கு வாங்க முடியாத குறை இல்லை. ஆனாலும் அப்பா காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதமும் தயிர் சாதமும், இரவு பாலில் ஊறிய இரண்டு பிரெட் என்று சுருக்கிக்கொண்டுவிட்டார். சைவம், முட்டையும் கிடையாது. அவரைத் திரும்ப ஃபைவ் கார்டன்ஸுக்கு அனுப்பலாமா, அல்லது முதலில் வீட்டிலேயே பயிற்சியா? விழுந்துவிடுவாரோ என்ற பயம் அவரைவிட எங்களுக்கு அதிகம்.

சயான்_பிசியோ எழுதியது:

நேரில் பார்க்காமல் நான் சொல்வது பொது வழிகாட்டுதல் மட்டுமே என்பதை நினைவில் கொள்ளுங்கள். இதயமும் ரத்த அழுத்தமும் எந்த நிலையில் உள்ளன என்பதையும், எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்குகிறதா என்பதையும் உங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். சாப்பிடும் மருந்துகளின் முழுப் பட்டியலையும் கொண்டுபோங்கள். தூக்கத்துக்கோ அழுத்தத்துக்கோ கொடுத்த மாத்திரைகூடத் தள்ளாட்டத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

உணவில்தான் நீங்கள் சீக்கிரம் பலனைக் காண வாய்ப்பு இருக்கிறது. முதியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று வல்லுநர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. 60 கிலோ எடை என்றால் 60 கிராமுக்குக் குறையாமல். நீங்கள் எழுதிய பட்டியலில் அதில் பாதி தேறுவதே கடினம். ரசத்தில் தெளிவை ஊற்றாமல் அடியில் கிடக்கும் பருப்பைச் சேர்த்து ஊற்றுங்கள். இரவு பிரெட்டுக்குப் பதில் அடை அல்லது பெசரட்டு, மாலையில் சுண்டல், மெல்ல முடியாவிட்டால் அதை மசித்து. பன்னீர் நூறு கிராமில் ஏறத்தாழ 18 கிராம் புரதம் இருக்கிறது; மும்பையில் கிடைக்காத பொருளும் இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம். பல் செட் சரியாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பல முதியவர்கள் உணவைச் சுருக்குவது பசியின்மையால் அல்ல.

பயிற்சியைப் பொறுத்தவரை, நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. உங்கள் தந்தைக்கு நீங்கள் சோதித்த அதே நாற்காலிதான் பயிற்சிக் கருவி. முதலில் தலையணை போட்டு இருக்கையை உயர்த்தி எழச் செய்யுங்கள், பிறகு தலையணையை எடுத்துவிடுங்கள். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒரு காலில் சில நொடி நிற்பது ஆகியவை அடுத்து. பிடித்துக்கொள்ள ஏதாவது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

விழுவார் என்ற பயத்தில் உட்காரவைத்தால் விழும் அபாயம் கூடத்தான் செய்யும், குறையாது. அதற்காகத் தனியே அனுப்பவும் சொல்லவில்லை.

செம்பூர்_ராமன் எழுதியது:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். ஜப்பானில் டாகெடோயோ என்ற சிறு நகரில் 2007 முதல் முதியவர்கள் நடந்தே வந்து சேரக்கூடிய தொலைவில் கூடும் இடங்களை நகராட்சியும் தன்னார்வலர்களும் சேர்ந்து அமைத்தார்கள். டீ, பேச்சு, கைவேலை, சிறு பயிற்சி, அவ்வளவுதான். சில ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், அங்கே வந்தவர்களுக்குப் பிறர் துணை தேவைப்படும் அளவு முடங்கிப்போகும் வாய்ப்பு வராதவர்களைவிட ஏறத்தாழ பாதியாக இருந்தது. வரக்கூடிய உடல்நிலை உள்ளவர்கள்தாம் வந்தார்கள் என்று நானே முன்பு சொன்ன ஆட்சேபத்தை எழுப்பலாம். ஆய்வாளர்களும் அதை அறிந்து, கூடும் இடத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவை வைத்து அதைக் கழித்துப் பார்க்க முயன்றிருக்கிறார்கள்.

நம் மாதுங்காவிலும் செம்பூரிலும் கோயிலும் சமாஜமும் நடைதூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் படிகள் அதிகம், கைப்பிடி கிடையாது, உட்கார நாற்காலி கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கக் கோயில் கமிட்டியில் பின்வாசலில் ஒரு கைப்பிடிக் கம்பி போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.

டோம்பிவிலி_ஓய்வு எழுதியது:

மாதுங்கா நண்பருக்கு: உங்கள் தந்தையிடம் “நடந்துவிட்டு வாருங்கள்” என்று சொல்லாதீர்கள். மார்க்கெட்டில் வாங்க வேண்டியதை அவர் கையில் கொடுங்கள், கூடவே ஒருவர் போங்கள், பையை நீங்கள் தூக்குங்கள், பேரத்தை அவரிடம் விடுங்கள். கூட்டம் குறைந்த பதினொரு மணி வாக்கில் போனால் இடிபடாமல் வரலாம். நடுவழியில் உட்கார ஒரு கடையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதுங்கா_கிழக்கு எழுதியது:

அப்படியே செய்கிறோம் ஐயா. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஸ்டூல் ஒன்று போட்டுவைக்கச் சொல்லிக் கேட்டேன், சரி என்றார். அப்பாவிடம் சொன்னபோது முதலில் மறுத்தார். பிறகு, இப்போது சேனை கிலோ என்ன விலை என்று கேட்டார். என் மனைவி சொன்ன விலையைக் கேட்டதும் நாங்கள் ஏமாந்துகொண்டிருக்கிறோம் என்று கடிந்துகொண்டார். வரும் திங்கட்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. உட்கார்ந்து எழும் சோதனையை இரண்டு மாதம் கழித்து மறுபடி செய்துவிட்டு, எத்தனை நொடி என்பதை இதே இழையில் பதிவிடுகிறேன்.